கழற்றிய ஆலைக்கு என்ன விலை?

தி ஹேக் நகரில் இயங்கும் உக்ரைன் சேதப் பதிவேட்டின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் முப்பத்தோரு வருடம் ரசாயன ஆலைகளில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டமும் கணக்கும் எனக்குத் தெரியாது. ஆலையைக் கழற்றவும் பூட்டவும் தெரியும், அவ்வளவுதான். தமிழில்தான் எழுத வரும். இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேர்ந்தால் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரஷ்யப் படையெடுப்பால் உக்ரைனில் ஆன இழப்புகளைப் பதிந்துவைக்க 2023 மே மாதம் உங்கள் பதிவேட்டை ஐரோப்பா கவுன்சில் உருவாக்கியது. 2024 ஏப்ரலில் மனு வாங்கத் தொடங்கினீர்கள். வீடு இழந்தவர்களை முதலில் எடுத்துக்கொண்டீர்கள், அது சரிதான். நிறுவனங்களின் இழப்பும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. அந்தக் கட்டுகளைப் பிரிக்கும்போது ஒரு கேள்வி வரும்: குண்டு விழுந்த, அல்லது கைவிட்டுப் போன ஒரு ரசாயன ஆலைக்கு என்ன விலை போடுவது? இதே கேள்விக்கு 1945-ல் பெரிய பெரிய ஆட்களெல்லாம் விடை சொல்லிப் பார்த்தார்கள். அந்த விடை தப்பு என்பது, அதைச் சொன்னவர்களுக்கே ஒரு வருடத்தில் தெரிந்துபோயிற்று.

1945 பிப்ரவரியில் அமெரிக்க, பிரிட்டிஷ், சோவியத் தலைவர்கள் யால்டாவில் கூடியபோது, ஜெர்மனி தர வேண்டிய இழப்பீட்டை மூன்று வழிகளில் எடுக்கலாம் என்று பேசினார்கள். ஆலைகளையும் கருவிகளையும் இரண்டு வருடத்துக்குள் பெயர்த்துக்கொண்டு போவது, வருடா வருடம் உற்பத்தியில் பங்கு எடுப்பது, ஜெர்மானியரின் உழைப்பைப் பயன்படுத்துவது. 2,000 கோடி டாலர், அதில் பாதி சோவியத் ஒன்றியத்துக்கு என்பது பேச்சுக்கு அடிப்படையாக வைத்த தொகை. ஸ்டாலினின் சகா மாலென்கோவ் தலைமையில் ஒரு தனிக் குழு அமைத்தது மாஸ்கோ. படை முன்னேற முன்னேற, பின்னாலேயே கழற்றும் குழுக்களும் போயின.

கேட்டது நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சோவியத் நாட்டின் ஊர்களையும் ஆலைகளையும் ஜெர்மன் படை எரித்துவிட்டுப் போயிருந்தது. ஐ.ஜி. ஃபார்பென் என்ற ஜெர்மன் ரசாயனக் கம்பெனி ஆஷ்விட்ஸ் வதைமுகாம் பக்கத்தில் மோனோவிட்ஸில் கைதிகளின் உயிரைக் கொட்டி ஒரு செயற்கை ரப்பர் ஆலை கட்டியது. போர் முடியும்வரை அங்கே ஒரு கிலோ ரப்பர்கூட வரவில்லை. அந்தக் கருவிகளையும் சோவியத் ஆட்கள்தான் கழற்றிக்கொண்டு போனார்கள். அதை யார் தடுத்திருக்க வேண்டும்? போலந்தின் போருட்டா சாய ஆலையை ஐ.ஜி. ஃபார்பென் வாயில் போட்டுக்கொண்டபோது யாரும் தடுக்கவில்லையே. ஆகவே எடுத்தது சரியா என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். என் கவலை, எடுத்தது போய்ச் சேர்ந்ததா என்பது.

பெரும்பாலும் சேரவில்லை. ரயில் பாதையையே கழற்றினார்கள். இரட்டைத் தடமாக இருந்த பல வழிகள் ஒற்றைத் தடமாயின. பாதையும் போய், பெட்டியும் பற்றாக்குறை என்றால் கழற்றிய கம்ப்ரஸர் எங்கே போகும்? ரயில்வே யார்டுகளில் மழையிலும் பனியிலும் கிடந்தது. பிஸ்டன் ராடில் ஒரு பொட்டுத் துரு பிடித்தாலே என்ன ஆகும் என்று எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்வார். ஜெர்மனியின் கணக்கில் அது பெரிய இழப்பு. சோவியத் கணக்கில் அது சின்ன வரவு. நடுவில் உள்ள வித்தியாசம் யார் பைக்கும் போகவில்லை.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த கம்பெனி (பெயர் வேண்டாம்) ஐரோப்பாவிலிருந்து பழைய கந்தக அமில ஆலை ஒன்றை வாங்கிப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்தது. போர் இல்லை, அவசரம் இல்லை, இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட வியாபாரம். மரப்பெட்டிகள் வந்தன. பாதிப் பெட்டிகளில் டேக் நம்பர் அழிந்திருந்தது. ஃபிளேஞ்சுகளின் துளை நம் ஊர்க் குழாயோடு பொருந்தவில்லை. அமிலம் தாங்கும் செங்கல் பூச்சைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவர முடியாது. கோபுரத்தின் உள்ளே மேஸ்திரிகள் புதிதாகக் கட்டினார்கள். இதெல்லாம் காசு கொடுத்தால் சரியாகிற சங்கதி.

சரியாகாத ஒன்று இருந்தது. ஓட்ட ஆரம்பித்த மூன்றாம் மாதம் வாயு போகும் பெரிய குழாயான டக்டில் ஓட்டை. ஒட்டுப் போட்டோம். அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து நாலு பேர் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் அந்த ஆலையில் ஷிஃப்ட் பார்த்திருந்த கிழவர் ஒருவரை விமான டிக்கெட் எடுத்து வரவழைத்தார்கள். டக்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "இங்கே ஒரு சின்ன வடிகால் வால்வு இருக்குமே, எங்கே?" என்றார். வரைபடத்தில் அது இல்லை. வருடக்கணக்கில் தண்ணீர்ப்பதமும் அமிலமும் அந்தத் தாழ்வான இடத்தில் தேங்குவதைப் பார்த்து, ஷிஃப்ட் ஆட்களே ஒரு ராத்திரி துளை போட்டு வைத்த வால்வு அது. தினமும் காலையில் திறந்து வடித்திருக்கிறார்கள். கழற்றியவன் அதைக் குப்பை என்று வெட்டி எறிந்துவிட்டான். கைவிரல் நீளம்கூட இருக்காது. அது இல்லாமல் ஆலை ஒரு வருடம்கூட ஓடவில்லை.

இந்தக் கிழவரை நினைத்துக்கொண்டுதான் வோல்ஃபென் கதையைப் படித்தேன். லைப்ஸிக்குக்கு வடக்கே இருக்கும் அந்த ஊரில் ஆக்ஃபா கம்பெனியின் ஃபிலிம் ஆலை இருந்தது. 1936-ல் ஆக்ஃபா கலர் வந்த இடம். ஃபிலிம் என்றதும் சினிமா ஞாபகம்தான் வரும். எனக்கு அது ஜெலட்டினும் வெள்ளி உப்பும் இருட்டறையும் சேர்ந்த ரசாயன ஆலை. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை முதலில் வந்தது. அந்தப் பகுதி சோவியத் பங்குக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததால், ஜூலைக்குள் முக்கியமான காகிதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பியது. அந்தக் காகிதங்களில் இருந்த முறை பிறகு பல நாட்டுக் கம்பெனிகளின் கலர் ஃபிலிமுக்கு அடிப்படையானது. அமெரிக்கர்கள் கெட்டிக்காரர்கள். இரும்பைத் தூக்காமல் எழுத்தைத் தூக்கினார்கள். அவர்களுடைய தொழில்நுட்பத் தகவல் அமைப்பு ஜெர்மன் ஆலை ஆலையாகப் போய் எழுதிய அறிக்கைகளை, விலை கொடுத்தால் யாரும் வாங்கலாம் என்று வைத்தார்கள்.

சோவியத் குழு வந்து 1946-ல் வோல்ஃபென் கருவிகளில் கணிசமான பகுதியைக் கழற்றி ஷோஸ்ட்காவுக்கு அனுப்பியது. ஷோஸ்ட்கா எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உக்ரைனின் சூமி மாகாணத்தில், ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில். உங்களுக்கு வரும் மனுக்களில் அந்த ஊர் முகவரியும் இருக்கும்.

கருவி மட்டும் போதாது என்று அவர்களுக்கும் சீக்கிரமே புரிந்தது. 1946 அக்டோபர் 22 அன்று விடியற்காலையில் சோவியத் கையில் இருந்த கிழக்கு ஜெர்மன் மண்டலம் முழுக்க வீடு வீடாகக் கதவைத் தட்டி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் நிபுணர்களைக் குடும்பத்தோடு, சட்டி பானையோடு ரயிலேற்றினார்கள். வோல்ஃபென் ஆட்களும் அதில் இருந்தார்கள். என் கம்பெனி டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டதை அவர்கள் துப்பாக்கியோடு கூப்பிட்டார்கள். தேவை ஒன்றேதான்.

இதே சோவியத் ஒன்றியம் 1941-ல் செய்ததைப் பாருங்கள். ஜூலை முதல் நவம்பர் வரை 1,523 தொழிற்சாலைகளைப் போர்முனையிலிருந்து பெயர்த்து யூரல் பக்கமும் சைபீரியாவுக்கும் கொண்டுபோனார்கள். கூரை போடுவதற்கு முன்பே சில ஆலைகள் ஓடின. அங்கே மெஷினோடு அதை ஓட்டியவனும் அதே ரயிலில் போனான். அவனுக்கு வால்வு எங்கே என்று தெரியும். 1945-ல் போனது அடுத்தவன் ஆலை. அவன் பூட்டியது, அவன் மொழியில் பெயர்ப்பலகை எழுதியது.

1946 ஜூன் 5 அன்று ஜெர்மனியில் இருந்த சோவியத் ராணுவ நிர்வாகம் 167-ஆம் எண் உத்தரவைப் போட்டது. சுமார் இருநூறு பெரிய ஆலைகள் சோவியத் கம்பெனிகளாக மாறின. கழற்ற வேண்டாம், இருக்கிற இடத்திலேயே ஓட்டு, விளைவதை எடுத்துக்கொள் என்ற ஏற்பாடு. லாய்னா ஆலையின் அம்மோனியாவும் ஷ்கோபாவ் ஆலையின் ரப்பரும் அப்படித்தான் கிழக்கே போயின. 1954 ஜனவரி 1 அன்று கடைசி 33 நிறுவனங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதுவரை கறந்தார்கள். மாட்டை அறுத்து மூட்டை கட்டுவதைவிடக் கறப்பது மேல் என்று கண்டுகொள்ள ஒரு வருடமும் எண்ணற்ற டன் துருவும் ஆயின.

ஜெர்மனியின் மேற்கில் கதை வேறு. 1947 அக்டோபரில் பிரிட்டிஷ், அமெரிக்க மண்டலங்களில் 682 ஆலைகளைக் கழற்றப் பட்டியல் போட்டார்கள். 1949 ஜூனில் பெர்க்காமென் செயற்கை எரிபொருள் ஆலையில் தொழிலாளர்கள் கழற்ற வந்தவர்களை மறித்தார்கள். அந்த நவம்பரில் பீட்டர்ஸ்பெர்க் ஒப்பந்தம் வந்து லெவர்குஸன், ஹ்யூல்ஸ் போன்ற ரசாயன ஆலைகள் பட்டியலிலிருந்து நீங்கின. அங்கே பனிப்போர்தான் விலையை நிர்ணயித்தது, ஆலை அல்ல. இந்தியாவுக்கும் அதில் பங்கு உண்டு. இழப்பீட்டைப் பங்கிட்ட 1946 ஜனவரி பாரிஸ் ஒப்பந்தத்தின் 18 நாடுகளில் நாமும் ஒன்று. பெயர்த்தெடுக்கும் கருவிகளில் 2.9 சதவீதம் நமக்கு என்று எழுதியிருந்தார்கள். அப்போது நம் பேரில் கையெழுத்துப் போட்டது வெள்ளைக்காரன் அரசாங்கம்.

காலியாகிக் கிடந்த வோல்ஃபெனில் மறுபடி ஃபிலிம் ஓடியது. ஆட்களில் பெரும்பாலானோர் அங்கேயேதான் இருந்தார்கள். 1964-ல் ஆக்ஃபா பெயரை விட்டுவிட்டு ஆர்வோ என்று வைத்துக்கொண்டார்கள். எழுபதுகளில் நாங்கள் டூரிங் டாக்கீஸில் பார்த்த எத்தனையோ தமிழ்ப் படங்களின் டைட்டிலில் "ஆர்வோ கலர்" என்று வரும். ஆலையைத் தூக்கிக்கொண்டு போனபின்பும் அங்கிருந்து வந்த கலர் அது. 1994 வரை அங்கே ஃபிலிம் செய்தார்கள்.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். அவ்தீவ்காவின் கோக் ஆலை (நிலக்கரியைச் சுட்டு உருக்காலைக்கு எரிபொருள் செய்யும் ஆலை) உக்ரைனிலேயே பெரியது, 1963-லிருந்து ஓடியது. கோக் உலையை நாங்கள் அணைக்கவே மாட்டோம். உள்ளே இருக்கும் சிலிக்கா செங்கல் ஆறினால் விண்டுபோகும். வெளியே சுவர் நிற்கும், புகைப்போக்கி நிற்கும், செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பாதி ஆலை முழுசாக இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் ஒரு முறை ஆறிய உலை வெறும் செங்கல் குவியல். தேய்மானம் கழித்த புத்தக மதிப்பை வைத்து அதற்கு விலை போட்டீர்கள் என்றால், 1945-ல் போட்ட அதே தப்பைத் திருப்பிப் போடுகிறீர்கள். செவெரோடோனெட்ஸ்க் ஊரின் அசோட் உர ஆலை 2022 ஜூனில் ஜனங்கள் பதுங்கிக் கிடந்த இடம். அதற்கும் இது பொருந்தும்.

ஆகவே கேட்பது இதுதான். ஆலையின் மனுவோடு அதை ஓட்டியவர்களின் வாக்குமூலத்தையும் வாங்குங்கள். ஷிஃப்ட் இன்சார்ஜ், போர்டு ஆப்பரேட்டர், வெல்டர், லேப் பெண்கள். போலந்தில், ஜெர்மனியில், கீவ் நகரத்து வாடகை வீட்டில் அவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். வயதானவர்களை முதலில் கேளுங்கள். வரைபடம் எரிந்திருந்தால் அவர்களை உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் இழப்பில் சேருங்கள். நாளைக்கு யாராவது பணத்துக்குப் பதிலாக ரஷ்யப் பக்கத்து ஆலைகளைக் கழற்றி வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்செடுத்தால், முதலில் அந்த 167-ஆம் உத்தரவை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

வாக்குமூலப் படிவத்தில் ஒரு கேள்விக்கு இடம் விடுங்கள்: "வரைபடத்தில் இல்லாத எந்த வால்வை நீங்கள் தினமும் காலையில் திறந்தீர்கள்?"

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
கடலூர்.