வர்க்கமூலத்தைச் சுருக்கக் கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர்களில் பலர், எண்களைப் பதிலிட்டபின் கிடைக்கும் வர்க்கமூலத்தைச் சுருக்கும் இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதைக் கவலையுடன் குறிப்பிட விரும்புகிறேன்.

கெழுக்கள் முறையே 1, −6, 1 என அமைந்த சமன்பாட்டை, அதாவது x² − 6x + 1 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம். சூத்திரம் (6 ± √32)/2 என்று தருகிறது. 32-க்குள் 16 என்ற முழு வர்க்கம் காரணியாக இருப்பதால் √32 என்பது 4√2 ஆகிறது; ஆனால் அதன்பின் 6-ஐ மட்டும் 2-ஆல் வகுத்து, 3 ± 4√2 என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. பகுதியிலுள்ள எண் தொகுதியின் இரண்டு உறுப்புகளையும் வகுக்க வேண்டும் என்பதால், சரியான விடை 3 ± 2√2 ஆகும். இதைவிட அடிப்படையான தவறு, √(36 − 4) என்பதை 6 − 2 எனப் பிரித்துவிடுவது. √32-இன் மதிப்பு ஐந்தரைக்கும் மேல், 6 − 2 என்பதோ 4 மட்டுமே.

சரிபார்ப்பதும் எளிது. மூலங்களின் கூடுதல் 6 ஆகவும், பெருக்கற்பலன் 9 − 8 = 1 ஆகவும் அமைய வேண்டும்; 3 ± 4√2 என்று எழுதியவருக்குக் கூடுதல் பொருந்தினாலும் பெருக்கற்பலன் −23 என்று வந்து பிழையைக் காட்டிவிடும். மேலும், கெழுக்கள் முழு எண்களாகவும் நடுக்கெழு இரட்டை எண்ணாகவும் இருந்தால் தன்மைக்காட்டி, அதாவது சூத்திரத்தில் வர்க்கமூலக் குறிக்குள் வரும் எண், எப்போதும் 4-ஆல் வகுபடும் என்பதை (எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது) ஆசிரியர்கள் காரணத்தோடு விளக்கலாம்.

தோராயமான தசம விடையோடு நிறுத்திக்கொள்ளாமல், சுருக்கும் படிக்கும் தனி மதிப்பெண் வழங்குமாறு வினாத்தாள் அமைப்போரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆர்வலர் ஒருவர்