பெண் பிள்ளைகள் அணியில் நீடிப்பது எதனால்? பயிற்சியாளர் ஒருவருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்வத்தோடு அணியில் சேரும் பெண் பிள்ளைகள் பதினான்கு, பதினைந்து வயதில் ஒவ்வொருவராக நின்றுவிடுவதாகவும், அவர்களைத் தக்கவைக்கப் பரிசுகளைக் கூட்டப்போவதாகவும் சொன்னீர்கள். பரிசு கூடாது என்பதல்ல; நின்றுவிடுபவர்களில் பலர் பரிசுக்கு எட்டாத வரிசையில் இருப்பவர்கள் என்பதே என் தயக்கம்.

146 நாடுகளின் 2016 வரையிலான தரவுகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அலசியபோது, 11 முதல் 17 வயதுக்குட்பட்ட பெண்களில் 85 விழுக்காட்டினரும் ஆண்களில் 78 விழுக்காட்டினரும் போதிய உடலியக்கம் இன்றி இருந்தார்கள். பெண்களுக்கு இயல்பிலேயே நாட்டம் குறைவு என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. நான் அதை ஏற்பதில்லை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்னும் உளவியலாளர்கள், உள்ளிருந்து எழும் ஊக்கத்திற்கு மூன்று தேவைகளைக் குறிப்பிட்டார்கள்: நம் விருப்பத்தால் செய்கிறோம், நம்மால் முடிகிறது, நமக்கு வேண்டியவர்கள் உடனிருக்கிறார்கள் என்ற உணர்வுகள். இவற்றுள் மூன்றாவதே இந்த வயதில் பெரும் பாரத்தைத் தாங்குகிறது என்று நினைக்கிறேன். நெருங்கிய தோழி விலகினால் இவளும் விலகுவதைப் பிடிவாதம் என்று கருதாதீர்கள். அவளுக்கு அணி என்பதே அந்தத் தோழிதான். மாற்று ஆட்டக்காரியாகவே பருவம் முழுதும் உட்கார்ந்திருப்பவளுக்கு, ஐந்து நிமிடமேனும் களமிறங்கும் வாய்ப்பும், சென்ற மாதத்தைவிட அவளுடைய பந்துக் கட்டுப்பாடு எங்கே மேம்பட்டது என்று பெயர் சொல்லி நீங்கள் கூறும் ஒரு வாக்கியமும் கோப்பையைவிடப் பெரியவை. பூப்பெய்தும் காலத்தில் உயரமும் எடையும் விரைந்து மாறுவதால், நேற்றுவரை கைவந்த ஓட்டமும் தாவலும் சிலருக்குச் சற்றுத் தடுமாறும். அதை முயற்சிக் குறைவென்று எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தால் அவள் மறுநாள் வராமல் போகலாம்.

உடை சிறிய விஷயம் அல்ல. வெண்ணிற உடையில் அத்தனை கண்டிப்பான விம்பிள்டன் டென்னிஸ் போட்டியே, மாதவிடாய் குறித்த கவலையைக் கருதி, வீராங்கனைகள் அடர்நிற உள்கால்சட்டை அணிய 2023இல் அனுமதித்தது. (இவ்வளவு தாமதமாகவா என்று கேட்கத் தோன்றுகிறது.) உங்கள் அணியின் வெள்ளைக் கால்சட்டைக்கு அத்தகைய மரபுச் சுமைகூட இல்லை.

ஆகவே, அடுத்த சீருடையைத் தைக்கக் கொடுக்குமுன் நிறத்தைப் பிள்ளைகளே முடிவுசெய்யட்டும். பரிசுக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை இரண்டாம் அணிக்கான ஆட்டங்களுக்குச் செலவிடுங்கள்.

அன்புடன்,
பெண்கள் விளையாட்டில் அக்கறையுள்ள ஒருவர்