கதிர், ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்விஃப்ட்டைப் பார்க்கப் போகும் முன்

அன்புள்ள கதிர்,

பெங்களூரு ஹொரமாவில் ஒரு ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி, ஓனர் 4,75,000 சொல்கிறார், ஞாயிறு காலை பார்க்கப் போகிறேன், எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று எழுதியிருந்தாய். ஒரு தொகையைச் சொல்லிவிடலாம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாவிட்டால், அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதும் உனக்குப் பேச்சு வராது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவர் பக்கமிருந்து கணக்குப் போடு. அவருக்கு இன்னொரு வழி எப்போதும் உண்டு: வீட்டுக்கே வந்து வண்டியைப் பார்த்து எடுத்துக்கொள்ளும் கம்பெனிகளும் டீலர்களும். அவர்கள் தரும் விலைக்குக் கீழே அவர் இறங்கமாட்டார். அதே டீலர் அதே மாடலை வாரன்டி போட்டு விற்கும் விலைக்கு மேலே நீ ஏறக்கூடாது. நடுவில் இருப்பது டீலரின் லாபமும், அவர் வண்டிக்குச் செய்யும் செலவும், அந்த லாபத்தின் மேல் 2025 ஜனவரியிலிருந்து போடும் 18% ஜிஎஸ்டியும். தனிநபர் தனிநபருக்கு விற்றால் அந்த வரி கிடையாது. இந்த நடுத்தொகையில் உனக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்பதைத்தான் நீங்கள் பேசப்போகிறீர்கள்.

இரண்டு விலையையும் சனிக்கிழமைக்குள் எழுதி வை. வண்டி வாங்கும் தளங்களில் வருடம், மாடல், கிலோமீட்டரைக் கொடுத்தால் அவர்கள் தரும் விலை வரும். நேரில் பார்த்தபின் அது பெரும்பாலும் இன்னும் இறங்கும். விற்கும் விலைக்கு, அதே வருடத்து கர்நாடக எண் வண்டிகள் ஐந்தாறைப் பார். பேச்சுக்கு, வாங்கும் விலை 3,80,000, விற்கும் விலை 4,90,000 என்று வந்தால், அவர் கேட்கும் 4,75,000-இல் டீலரின் பங்கு கிட்டத்தட்ட முழுதும் அவருக்கே போகிறது. வாரன்டி இல்லாத வண்டிக்கு அவ்வளவு தரவேண்டியதில்லை.

"நான் ஆன்ரோடு இவ்வளவு கொடுத்து வாங்கினேன்" என்று அவர் ஆரம்பித்தால் பொறுமையாகக் கேள். ஆனால் கணக்கை அங்கிருந்து தொடங்கவிடாதே. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புதிய வண்டியின் விலை குறைந்தால் பழைய வண்டியின் விலையும் கூடவே இறங்கும். அதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

போனில் "லாஸ்ட் எஷ்டு சார்?" (கடைசி விலை எவ்வளவு) என்று கேட்டுவிடாதே. வண்டியைப் பார்க்காமல் குறைத்துக் கேட்பவனை யாரும் வாங்குபவனாக நினைப்பதில்லை. போனில் கேட்க வேண்டியவை வேறு: எத்தனையாவது ஓனர், லோன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எது வரை, கடைசி சர்வீஸ் எங்கே. கூடவே, "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள் சார்" என்று சொல்லிவிடு. போனதும் பானெட்டில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் வரும் சத்தமும் புகையும் உனக்குத் தெரியாமல் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வா.

ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், பதிவு தேதியோடு தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். 2017 ஜனவரி பதிவு, 2016 நவம்பர் தயாரிப்பு என்று இருந்தால், "2017 மாடல்" என்ற விலை நிற்காது. எம்பரிவாகன் ஆப்பில் எண்ணைப் போட்டு லோன் அடமானம், இன்சூரன்ஸ் தேதி, புகைச் சான்று எல்லாம் பார். பெங்களூரு டிராஃபிக் போலீஸ் தளத்தில் பாக்கி அபராதம் எவ்வளவு என்று பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. இதில் பேரமே இல்லை, அவர் கட்டியாக வேண்டும். 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

இப்போது வண்டி. டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததும் ஓடோமீட்டரைப் பார்க்காமல் பிரேக் பெடல் ரப்பரைப் பார். 40,000 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் ரப்பரின் கோடுகள் மழுங்கி, ஸ்டியரிங் வழுவழுப்பாகி, சீட்டின் வலது ஓரம் நசுங்கியிருந்தால் மீட்டர் உண்மை சொல்லவில்லை. கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டில் ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டர் பதிவாகும். அதை அவரையே கேட்டு வாங்கித் தரச் சொல். தரத் தயங்கினால் அது ஒரு பதில்தான்.

பானெட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் குனிந்து பார். கம்பெனியில் பாடியோடு சேர்த்து பெயின்ட் அடித்த போல்ட் என்பதால், தலையின் ஆறு மூலைகளிலும் பெயின்ட் அப்படியே இருக்க வேண்டும். ஒரு பக்க போல்ட்டில் மட்டும் மூலைகளில் பெயின்ட் உரிந்து வெறும் இரும்பு தெரிந்தால், அந்த ஃபெண்டர் ஒரு தடவை கழன்றிருக்கிறது. ஃபெண்டர் மட்டும் மாற்றியிருந்தால் பெரிய விஷயமில்லை, கொஞ்சம் குறைக்கலாம். உள்ளே சேஸிஸின் நீளச் சட்டத்திலும் ரேடியேட்டர் சட்டத்திலும் வெல்டிங்கோ புதுப் பெயின்டோ தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால் கொண்டு போ. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரானுக்குள் காட்டும். பட்டி போட்ட இடத்தில் 300-ஐத் தாண்டும்.

ஹொரமாவு என்பதால் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே சாய் லேஅவுட்டில் 2025 மே மாத மழையில் தண்ணீர் தேங்கியது. 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் ரோடு, பெல்லந்தூர் பக்கம் கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுநீளமும் வெளியே இழு. அடியில் இருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கறைக் கோடு தெரிகிறதா பார். பிறகு டிக்கி மிதியடியைத் தூக்கி ஸ்டெப்னி குழியையும், முன்சீட்டு தண்டவாளத்தின் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பார். துரு, காய்ந்த சேறு, ஊறிய வாடை இதில் ஏதாவது ஒன்று இருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதே. தண்ணீர் பட்ட வயரிங் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கோளாறு கொடுக்கும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரம். பட்டன் (தரையில் படும் பக்கத்தின் வெட்டுகள்) நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரப்பர் இறுகிப்போயிருக்கும். குறைவாக ஓடிய வண்டிகளில் இதுதான் ஏமாற்றும். ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் சட்டென்று ஆக்ஸிலேட்டர் கொடு. எஞ்சின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் க்ளட்ச் வழுக்குகிறது. சில்க் போர்டு நெரிசலில் தினமும் நின்று நகரும் வண்டிக்கு 50,000-லேயே அது போகலாம். ஒன்றை மட்டும் செய்யாதே. டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்று யாரோ சொன்னதை வைத்துக் குறைக்கச் சொல்லாதே. இந்த பெட்ரோல் எஞ்சினில் இருப்பது செயின். அப்படிக் கேட்டால் உனக்கு வண்டி தெரியாது என்று அவருக்குப் புரிந்துவிடும், அதற்குப்பின் நீ சொல்லும் நியாயமான குறையும் எடுபடாது.

விலை பேசும்போது நாலு டயரின் முழு விலையையும் கழிக்கச் சொல்லாதே. பழைய வண்டி பழைய டயரோடுதான் வரும் என்று அவர் சொல்வார், அது சரிதான். பாதி கேள். க்ளட்ச் வழுக்கினால் முழுதும் கேள், அதை மாற்றாமல் வண்டி ஓடாது. செட் விலையை ஜே.சி. ரோட்டில் ஒரு பார்ட்ஸ் கடையிலும், கூலியை உன் மெக்கானிக்கிடமும் முன்னதாகவே கேட்டு எழுதிக்கொண்டு போ. இன்சூரன்ஸைப் பெயர் மாற்றும்போது அவருடைய நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி, உனக்கு வராது, அது ஆளுக்கு உரியது. வித்தியாசத்தை நீதான் கட்டுவாய். அவரோ போனஸ் சான்று வாங்கி மூன்று வருடத்துக்குள் தன் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம். இது அவருக்குத் தெரியாவிட்டால் நீயே சொல். அவருக்கு லாபமான ஒன்றைச் சொன்னவன் சொல்லும் குறையை அவர் காது கொடுத்துக் கேட்பார்.

பேச்சு இப்படி இருக்கட்டும்: "வண்டியை நல்லா வெச்சிருக்கீங்க சார். டயர் நாலும் 2019, க்ளட்ச் கடைசியிலதான் பிடிக்குது. நான் 4,05,000 தர்றேன்." சொன்னதும் நிறுத்து. அந்த மௌனம் சங்கடமாக இருக்கும். அதை நிரப்ப நீயே "ஒரு 4,15,000 வெச்சுக்கலாம்" என்று ஆரம்பித்தால், அவர் வாயைத் திறக்காமலேயே பத்தாயிரம் ஏறிவிட்டது. "நேத்து ஒருத்தர் 4,60,000 கேட்டுட்டுப் போனார்" என்றால், "அவர் டோக்கன் குடுத்திருந்தா நான் குறுக்க வரல சார்" என்று மட்டும் சொல். மேலே பேச்சுக்குச் சொன்ன இரண்டு விலையும் அப்படியே வந்தால், என் கணக்கில் 4,25,000-இல் முடிந்தால் நல்ல விலை. 4,35,000-க்கு மேல் அன்றைக்கு ஒத்துக்கொள்ளாதே. உன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடு, புதன் வியாழனுக்குள் அவரே கூப்பிட வாய்ப்பு இருக்கிறது.

தனியாக விற்பவருக்கு விலையைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு: வண்டி போய், ஆர்சி தன் பெயரிலேயே கிடப்பது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. அதனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-இல் இரண்டு நகலும், படிவம் 30-உம் எடுத்துப் போ. "பணம் கொடுக்கும் அன்றைக்கே கையெழுத்து, அந்த வாரமே விண்ணப்பம்" என்று சொல். கடைசி ஐந்தாயிரத்தை இறக்க இதைவிட நல்ல வார்த்தை இல்லை.

லோன் இருந்தால் மீதியை நேராக அந்த லோன் கணக்கில் கட்டு, மிச்சத்தை மட்டும் அவருக்குக் கொடு. வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) அடமானத்தை நீக்கும் படிவம் 35-உம் வராமல் முழுப்பணம் தராதே. டோக்கன் 5,000 போதும், லோனும் அபராதமும் தீராவிட்டால் திருப்பித் தருவதாக ஒரு வரி எழுதி வாங்கு. ரொக்கமாக 2 லட்சமோ மேலோ கைமாற்ற வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை, ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பு. டெலிவரி எடுக்கும்போது தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஃபாஸ்டேக் அவருடையது, அவர் மூடிவிட்டு நீ புதிது எடு.

அந்த டிஎன்-70 வண்டி 60,000 குறைவு என்றாயே, அது மலிவு இல்லை. ஓசூர் ஆர்டிஓவின் என்ஓசி வேண்டும், 12 மாதத்துக்குள் இங்கே மறுபதிவு, கர்நாடக வாழ்நாள் வரியில் வண்டியின் வயதுக்கேற்ற பாக்கி. அந்த வரித் தொகையை முதலில் விசாரித்துக் கழித்துப் பார், பிறகு ஒப்பிடு.

ஞாயிறு வெளிச்சம் இருக்கும்போதே பார், மழை பெய்து ஈரமாக இருந்தால் பெயின்ட் தெரியாது, வேறு நாள் போ. நாலு டயரின் இலக்கங்களையும் அந்த ஃபெண்டர் போல்ட்டுகளையும் போட்டோ எடுத்து, விலை பேச உட்காரும் முன்பே எனக்கு அனுப்பு. அன்று காலை முழுதும் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்