ரோஸ்டர் முறை: ஞாயிறன்று உறுப்பினர் கூட்டம்

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

விமான நிறுவனங்களின் இணைப்புக்குப் பின் எந்த ரோஸ்டர் (மாதப் பணி அட்டவணை) முறை நிலைக்கும் என்பதில் விமானப் பணியாளர்களின் இரு தொழிற்சங்கங்களும் இன்னும் உடன்படவில்லை. மற்றச் சங்கத்தார் ஆயத்தமான மாத அட்டவணைகளைப் பணி மூப்பு வரிசைப்படி தேர்ந்தெடுப்பவர்கள். நாமோ விருப்பங்களைப் பதிவிட்டுவிட்டு, கணினி ஒதுக்குவதை ஏற்றுக்கொள்பவர்கள். சென்ற மாதம் நான் கேட்ட விடுப்பு நாளில் அதிகாலை 3 மணிக்குப் பணிக்கு அழைத்துச் செல்லும் வேன் வந்து வாசலில் நின்றதால், நம் முறையே சிறந்தது என்று வாதிட எனக்கு மனமில்லை.

இது எளிதில் முடிவதில்லை: அமெரிக்காவில் யுனைடெட், கான்டினென்டல் விமான நிறுவனங்கள் 2010இல் இணைந்தபோதிலும், விமானப் பணியாளர்களின் பொது ஒப்பந்தம் 2016இல்தான் நிறைவேறியது. இரு தரப்பினரும் ஒரே அட்டவணையில் பறக்க 2018 ஆயிற்று.

1. வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் நாம் வழக்கமாகக் கூடும் மண்டபத்திற்கு வரவும்.
2. கடந்த மூன்று மாத ரோஸ்டர் படிகளைப் பணியாளர் எண்ணை மறைத்துக் கொண்டு வரவும்.
3. மூப்பைப் பணியில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடுவதா, பயிற்சி முடித்த நாளிலிருந்தா என்பதில் உங்கள் கருத்தை எழுதி அனுப்பவும். உண்மையான சிக்கல் இதில்தான் இருக்கிறது.
4. வருகையை வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே தெரிவிக்கவும். ஞாயிறன்று பறப்பவர்கள் கருத்தை மட்டும் அனுப்பினால் போதும்.

நன்றி.
செயலாளர்