அந்தக் கடலடிப் பார்களுக்கு முதலில் ஒரு மிதவை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் வாரமலரில் திருகோணமலைக் கடலைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. ‘யாரும் அறியாத சுழியோடித் தலங்கள்’ என்று தலைப்பு. என் மகள் அதைச் சத்தமாக வாசித்தபோது, விறாந்தையில் வலை பொத்திக்கொண்டிருந்த என் மாமா தலையை நிமிர்த்தாமலே, “ஆருக்குத் தெரியாதாம்?” என்று கேட்டார். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

நான் சாம்பல்தீவைச் சேர்ந்தவன். பல வருடம் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடியவன். இப்போது வெளிநாட்டவரையும் கொழும்பிலிருந்து வருகிறவர்களையும் தண்ணீருக்குள் கூட்டிப்போய்க் காட்டுவது தொழில். ஆகவே கட்டுரை எழுதிய தம்பியின் ஆர்வம் எனக்குப் புரிகிறது. திருகோணமலை என்றால் புறாத்தீவு மட்டும்தான் என்பதுபோல எல்லாரும் எழுதிக்கொண்டிருக்க, அவர் கொஞ்சம் தள்ளிப்போய்ப் பார்த்திருக்கிறார். நல்ல காரியம். ஆனால் சில பிழைகளைச் சொல்லாமல் விட முடியாது. கடலில் பிழை என்றால் ஆளுக்கே ஆபத்து.

துறைமுகத்துக்குள் ‘சாகெயிங்’ கப்பல் கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்கிறார். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட கப்பல் அது. கடற்படைச் சுழியோடிகள் 2018 இல் அதை மேலே எடுத்து, கிடந்த இடத்திலிருந்து அகற்றிவிட்டார்கள். சாகெயிங் குண்டுபட்ட அதே நாளில் மூழ்கிய ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலையும் நம் கணக்கில் சேர்த்திருக்கிறார். அது கிடப்பது மட்டக்களப்புக் கடலில், 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்குக்குச் சுழியோடுகிறவர்களுக்கு எல்லை 40 மீற்றர். இதை வாசித்துவிட்டு, போன மாதம் பயிற்சி முடித்த ஒரு பெடியன் ஹேர்மிஸைப் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றால் அவனுக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்று, ‘ஒட்சிசன் சிலிண்டர்’. எங்கள் ஊரிலும் பேச்சுக்கு அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் முதுகில் சுமப்பது நாம் மூச்சுவிடும் அதே காற்றுத்தான், கம்பிரசரால் அமுக்கி அடைத்தது. தனி ஒட்சிசனோடு ஆறு மீற்றருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் கடலடிப் பாறைத் திடலைப் பார் என்பார்கள். இங்கே ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. எந்தப் பாரில் கலவாய் மீன் நிற்கும், எதில் வலை சிக்கிக் கிழியும், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும் என்பதெல்லாம் கரையில் வளர்ந்தவனுக்குத் தெரியும். மாமாவிடம் ஜிபிஎஸ் கிடையாது. கரையில் ஒரு பனையையும் தூரத்தில் ஒரு மலையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார். மறுபக்கம் இன்னும் இரண்டு அடையாளம். “இந்தா, இறங்கு மருமோன்” என்பார். இறங்கினால் காலடியில் பார் இருக்கும். யுத்த காலத்தில் பாஸ் இல்லாமல் வள்ளம் இறக்க முடியாது, இரவில் போக முடியாது, குறித்த எல்லையைத் தாண்ட முடியாது. கடல் எங்களுக்கே பூட்டிக் கிடந்தது. 2009 க்குப் பிறகு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எல்லாம் புதிதாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெயர்கள் மட்டும் பழையவை. அவற்றை இங்கே நான் எழுதப் போவதில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது சுவாமி மலையைப் பற்றிய பகுதி. 1620களில் போர்த்துக்கேயர் அந்த மலையில் இருந்த பழைய கோணேசர் கோயிலை இடித்தார்கள். கல்லில் ஒரு பகுதி கோட்டைக்குப் போயிற்று, ஒரு பகுதி கடலுக்குள் விழுந்தது. 1956 இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அந்த மலையடியில் சுழியோடி, செதுக்கிய தூண்களைப் பார்த்தார்கள். நான் அங்கே முதன்முதலில் இறங்கியபோது கிளார்க் யாரென்றே எனக்குத் தெரியாது. மேலே கோயில் மணி அடித்தது. கீழே பாறைச் சுவர் இறங்கிக்கொண்டே போயிற்று. அலை வந்து மோதும்போதெல்லாம் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோகும், அடுத்த நொடி முன்னால் தள்ளும். ஓரிடத்தில் திடீரென்று குளிர்நீர் முகத்தில் அடித்தது. பாசியும் முருகை என்ற பவளமும் மூடிய ஒரு கல்லை வெறும் பாறை என்றே நினைத்தேன். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தபோதுதான் அதன் விளிம்பு உளியால் நேராக வெட்டியது என்று தெரிந்தது. பாறையில் இயற்கையாக அப்படி ஒரு மூலை வராது. அதன் அடியில் பாம்புபோல நீண்ட ஒரு அஞ்சாலை மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கோயிலுக்குள் தேங்காய் உடைக்கத் தெரியாதவன்போல நான் அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ‘தொட்டுப் பார்க்கலாம்’ என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. தயவுசெய்து அந்த வரியை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்ல வந்தது. கட்டுரையோடு ஒரு பெட்டிச் செய்தியில் ஐந்து பார்களின் ஜிபிஎஸ் புள்ளிகளையும் அச்சிட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நங்கூரம்.

நான் அடிக்கடி ஆட்களைக் கூட்டிப்போகும் ஒரு பார் இருக்கிறது. அதன் மேற்பக்கம் முழுக்க மான்கொம்பு முருகை, ஒரு சின்னக் காடு மாதிரி. இரண்டு பருவத்துக்கு முன் அந்த இடம் ஒரு வழிகாட்டிக்குத் தெரிந்தது, அவரிடமிருந்து நாலு பேருக்கு, அப்புறம் ஒரே காலையில் ஐந்தாறு பைபர் வள்ளங்கள். ஒவ்வொன்றும் ஒரு நங்கூரம் போடும். காற்று எழும்பினால் நங்கூரம் இழுபடும், கயிறு முருகையில் அரைக்கும். கிளம்பும்போது மேலே நிற்பவன் வெடுக்கென்று இழுப்பான். கீழே முறிகிற சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது, காய்ந்த விறகு முறிவதுபோல. போன வருடம் அங்கே போனபோது நடுவில் ஒரு வீட்டு முற்றத்தளவு வெறும் துண்டுகள். மான்கொம்பு வகை வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர்கூட வளரும் என்பதால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். பக்கத்திலேயே பிளந்து கிடந்த மூளை முருகையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அது வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். ஆளின் மார்பளவு உயரம் அது. எத்தனை தலைமுறைக் கணக்கு என்று நீங்களே பாருங்கள்.

டைனமைற் போடுகிறவர்களைவிடவா நாங்கள் மோசம் என்று சுற்றுலாக்காரர்கள் கேட்பார்கள். டைனமைற் இன்னும் நிற்கவில்லைதான், சட்டத்தில் தடை இருந்தும். தண்ணீருக்குள் இருக்கும்போது தூரத்தில் ஒன்று வெடித்தால் நெஞ்சில் யாரோ குத்தியதுபோல இருக்கும். ஆனால் அடுத்தவன் வீட்டை எரிக்கிறான் என்பதற்காக நான் அதன் கூரையைப் பிரிக்கலாமா?

புறாத்தீவுக்கு 1963 இல் சரணாலயப் பாதுகாப்பு வந்தது, 2003 இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. அங்கேயும் முருகையில் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். என்றாலும் ரிக்கற் உண்டு, கேட்க ஒரு அதிகாரி உண்டு. நான் சொல்லும் பார்களுக்கு ஒரு பலகைகூடக் கிடையாது. கூட்டம் புறாத்தீவிலிருந்து கொஞ்சம் பிரிந்து வருவதை நான் எதிர்க்கவில்லை, என் பிழைப்பும் அதுதான். நான் கேட்பது ஒரே ஒரு மிதவை. பாருக்கு வெளியே, மணல் தரையில் ஒரு கொங்கிறீற்றுக் கட்டியை இறக்கி, கயிற்றில் ஒரு மிதவை கட்டிவிட்டால் வள்ளங்கள் அதில் கட்டிக்கொள்ளும். யாரும் நங்கூரம் போடத் தேவையில்லை. எந்தப் பாரில், எந்தப் பக்கம் போடுவது என்பதைக் கடற்றொழிலாளர் சங்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் போட வேண்டும். கேட்காமல் போட்டால் வலை சிக்கும், முதல் கிழமையே கயிற்றை அறுத்துவிடுவார்கள். அறுப்பவர்களில் என் மாமாவும் ஒருவராக இருப்பார்.

அட்டைத் தொழில் செய்த காலத்தில் ஒருநாள் மூன்றாம் முறையும் இறங்கிவிட்டு வேகமாக மேலே வந்தேன். இரத்தத்தில் நைதரசன் குமிழி. கடற்படையின் அழுத்த அறையில் படுத்துத்தான் எழும்பினேன். இன்றைக்கும் வாடைக்காற்று தொடங்கினால் இடது தோள் சொல்லும். அன்றைக்கு ‘இன்னும் ஒருமுறை இறங்கு’ என்று மேலே இருந்து சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை. புள்ளிகளை அச்சிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அந்தப் பெட்டிச் செய்தியைத் தங்கள் இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிட முடியுமா? அச்சில் வந்தது மீன் சுற்றப் போயிருக்கும், பரவாயில்லை.

கட்டுரை எழுதிய தம்பிக்கு ஒரு செய்தி. வாடை ஓய்ந்து, சித்திரை கழிந்து கடல் தெளிந்ததும் வாருங்கள். கச்சான் காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில் கூட்டிப்போகிறேன். காசு வேண்டாம். போன் மட்டும் கரையில் மாமாவிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாம்பல்தீவு, திருகோணமலை.