சைக்கிள் திருத்துமிடத்துக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

எமது சனசமூக நிலைய முற்றத்து வேப்பமரத்தடியில், எவரும் எந்நேரமும் கட்டணமின்றித் தம் சைக்கிளைத் தாமே திருத்திக்கொள்ளக்கூடிய திருத்துமிடம் இயங்கத் தொடங்கியுள்ளது. அதற்குப் பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் கைகொடுத்த அனைவருக்கும் நிர்வாகத்தின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கின்றோம்.

யாழ்ப்பாணத்தாருக்குச் சைக்கிளின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நோயாளியையும் விறகையும் சுமந்ததும், டைனமோவைச் சுழற்றி வானொலியைப் பேச வைத்ததும் அதுவே. 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, கொட்டில் மூலையில் கிடந்த பழைய றலி, லுமாலா சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. வந்தவை நடுவழியில் நின்றுவிடாதிருக்க ஒரு வழி வேண்டும் என்ற பேச்சு எமது ஊரில் அப்போதுதான் எழுந்தது. விடியுமுன் சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்வோருக்கும், வகுப்பு முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைகளுக்கும் சில்லில் காற்றுப் போனால், அந்நேரத்தில் திறந்திருக்கும் கடை ஏது?

ரொறன்ரோவில் வாழும் எமது ஊரவர்கள், அந்நகரின் பொது இடங்களிலுள்ள திருத்துமிடங்களின் படங்களை அனுப்பியதோடு செலவின் பெரும்பகுதியையும் ஏற்றுக்கொண்டார்கள். எனினும், அந்த அமைப்பு இங்குள்ள வண்டிகளுக்கு அப்படியே பொருந்தாது என்பதைப் படத்தைக் கண்டவுடனேயே சொன்னவர், சந்தியில் நெடுங்காலமாகச் சைக்கிள் கடை நடத்திவரும் ஐயா ஆவார். எமது பெரிய சைக்கிள்களில் அலன் கீ எனும் அறுகோணச் சாவிக்கு வேலை குறைவு என்றும், பின்சில்லைக் கழற்றப் பெரிய ஸ்பனரும் பெடல் தண்டை இறுக்கிப் பிடிக்கும் கொட்டர் பின்னைத் தட்டச் சுத்தியலுமே முதலில் வேண்டும் என்றும் அவர் கருவிப் பட்டியலைத் திருத்தித் தந்தார். பழைய சைக்கிள்களின் வால்வு ஒருவகை. மவுண்டன் சைக்கிள்களினதோ மோட்டார் சைக்கிளினுடையதைப் போன்றது. இரண்டுக்கும் பொருந்தும் காற்றடிக்கும் பம்மைத் தேடி நகரில் கடை கடையாக ஏறி இறங்கியவரும் அவரே. தம் பிழைப்பைத் தொடக்கூடிய ஓர் ஏற்பாட்டுக்கு இவ்வாறு முன்னின்று உழைப்பது எல்லோராலும் இயலுவதன்று. அதைப் பற்றிக் கேட்டபோது, "றிம் வளைஞ்சால் என்னட்டைத்தானே வருவினம்" என்று சிரித்துவிட்டார்.

பழைய நீர்க்குழாய்களைக் கொண்டு, சைக்கிளைத் தொங்கவிடும் தாங்கியை ஒட்டித் தந்த வெல்டிங் பட்டறையினருக்கும் கடமைப்பட்டுள்ளோம். சீற்றைக் கொளுவித் தொங்கவிட்டால் பின்சில்லு நிலத்தில் முட்டாமல் சுழல்வதால், குனியாமலே செயினையும் பிரேக்கையும் சரிசெய்யலாம். பாடசாலைப் பிள்ளைகளால் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க இயலாதென்று, கேளாமலே தாழ்வாக இன்னொரு கொளுக்கியையும் பொருத்தினார்கள். உப்புக் காற்றுக்குச் சாதாரணக் கம்பி தாங்காதென, திருத்தும் கருவிகளைப் பிணைக்கும் துருப்பிடிக்காத கம்பிக் கயிற்றையும் தமது செலவிலேயே தந்தார்கள்.

இடத்துக்கு அனுமதியளித்து மின்விளக்கும் பொருத்திய பிரதேச சபையினருக்கும், பயன்படுத்தும் முறையைப் படங்களுடன் பலகையில் எழுதிய உயர்தர மாணவிகளுக்கும் எமது நன்றி. ரியூப்புக்கான ஒட்டுத் துண்டுகளும் அவற்றை ஒட்டும் சொலூசனும் வாசிகசாலைக்குள் உள்ளன. அது பூட்டியிருக்கும் வேளைகளில் அவற்றைத் தந்துதவ முன்வந்த அயல்வீட்டு அம்மாவையும் மறவோம்.

பம்மின் வாசர் தேயும்போது மாற்றித் தரும் பொறுப்பையும் கடைக்கார ஐயாவே ஏற்றுள்ளார். அதற்கான செலவை நிலையமே கொடுக்கும் என்பதையும், அதை அவர் வாங்க மறுக்கக் கூடாது என்பதையும் ஊரறிய இம்மடலிலேயே எழுதிவைக்கின்றோம்.

இங்ஙனம்,
சனசமூக நிலைய நிர்வாகத்தினர்