எந்தெந்தச் செடிகளில் சோதித்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

களையை அடக்க நோய்ப் பூஞ்சையை வயலில் விடுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'பயிர்களைப் பாதிக்காது எனச் சோதனையில் உறுதியானது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தாவர நோயியல் ஆய்வுக்கூடத்தில் அந்தச் சோதனைகளைச் செய்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை.

சோதனையைக் களையின் நெருங்கிய சொந்தச் செடிகளில் தொடங்கி, படிப்படியாகத் தூரத்து உறவுச் செடிகளுக்குப் போவோம். 1974-ல் வாப்ஷியர் என்ற ஆய்வாளர் வகுத்துக் கொடுத்த முறை இது. பூஞ்சையின் வித்துகளை, அதாவது விதைபோல் அதைப் பரப்பும் நுண்துகள்களைத் தெளித்து, இலையின் ஈரம் காயாதபடி இரவு முழுக்க மூடி வைப்போம். கூடவே களைச்செடியும் இருக்கும். அதில் நோய் வராவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது.

அப்புறம், வெறும் கண்ணால் பார்த்துவிட்டு 'புள்ளி இல்லை' என்று எழுதக்கூடாது. இலையை நிறம் போக்கி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைக்க வேண்டும். முளைத்த வித்து இலைத்துளைக்குள் நுழைந்ததா, நுழைந்த இடத்தில் செடியின் செல் தானே செத்துப் பழுப்பாகி அதை மறித்ததா, அல்லது பூஞ்சையின் இழை உள்ளே படர்ந்துகொண்டே போகிறதா என்பது அங்கேதான் தெரியும். அவசரக்காரர்கள் முதலில் கைவிடுவது இந்த வேலையைத்தான்.

'நாளைக்கு நம் பயிருக்குத் தாவினால்?' என்று விவசாயிகள் கேட்பது நியாயம். இலையில் துரு நிறப் புள்ளிகளை உண்டாக்கும் துருப்பூஞ்சைகள் பெரும்பாலும் அப்படி எளிதில் தாவுவதில்லை. 1971-ல் ஆஸ்திரேலியக் கோதுமை வயல்களில் கொண்ட்ரில்லா களைக்காக விட்ட துருப்பூஞ்சை, அதே களையில் குறுகிய இலை வகையைத்தான் அடக்கியது. மற்ற வகைகள் தப்பித்துப் பரவின. ஆனால் எல்லாச் சோதனையும் இவ்வளவு தெளிவாக முடியாது. ரப்பர் கொடி என்ற களைக்காக மடகாஸ்கரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த துருப்பூஞ்சை, சோதனைக்கூடத்தில் உள்நாட்டுச் செடி ஒன்றிலும் ஓரளவு வளர்ந்தது. அதை மறைக்காமல் எழுதி வைத்து, கொடியால் வரும் கேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விட்டார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். சோதித்த செடிகளின் பட்டியலை, பயிர் ரகத்தின் பெயரோடும் லேசாக நோய் கண்ட செடிகளோடும், பூஞ்சையை விடுவதற்கு முன்பே வெளியிட வேண்டும். தன் பயிர் அதில் விடுபட்டிருந்தால் அதை விதைப்பவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்